உஸ்மான் பாயின் வலது கை

வலிக்கிறது என்று வந்தவரை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிற ஒரே தொழில் பிசியோதெரபிதான். பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, தாம்பரம் என்று வீடு வீடாகப் போய் அதைத்தான் செய்கிறேன். ஹிஜாபுக்கு மேல் ஹெல்மெட், ஸ்கூட்டரில் ரப்பர் பட்டையும் பந்தும் வைத்த பை. ஒவ்வொரு பண்டிகைக்கும் முதல் நாள் ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் மாட்டி மாட்டி எனக்கே இடுப்பு போய்விட்டது. ஆகவே இடுப்பு, கழுத்து, முட்டி வலிக்காரர்களே, நானும் உங்கள் கூட்டம்தான்.

இடது கையா, நானா?

உஸ்மான் பாய்க்குப் பெருங்களத்தூரில் பைக் சீட் கவர் தைக்கிற கடை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கால் சீக்கிரமே தேறிவிட்டது. கைதான் மடியில் சும்மா கிடந்தது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார், மனைவி மும்தாஜ் ஆன்ட்டி ஊட்டினால் வெட்கம், பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "சரி, நோன்பு வேணாம். திறக்கற நேரத்துல எல்லாரோடயும் உக்காந்து ரெண்டு கையும் ஏந்தி துஆ கேக்கணும். ஒரு பேரீச்சம்பழத்தை என் வலது கையால எடுக்கணும். அதுக்கு வழி பண்ணும்மா" என்றார். பண்ணலாம் பாய், அதுவரைக்கும் இடது கையால் சாப்பிடுங்கள், முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே என்றேன்.

"அல்லாஹ் மன்னிச்சுடுவான்மா, அவனைப் பத்திக் கவலை இல்லை. இடது கையால சாப்பிட்டதுக்காகச் சின்ன வயசுல நான் அடிச்ச அடியை என் மூணு பிள்ளைங்களும் மன்னிக்கணுமே."

ரெஸ்ட் எடுக்காத தோள்

பாய் வீட்டை முடித்துவிட்டு நேரே பீர்க்கன்கரணைக்குப் போவேன். அங்கே அஞ்சலை அக்கா. மீன் விற்கிறவர். தோள்பட்டை இறுகி, கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. சுவரில் விரலை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றச் சொன்னால், வலியில் என் பரம்பரையையே திட்டுவார். திட்டி முடித்ததும், வெயிலில் வந்தியே என்று விசிறியும் விடுவார்.

கொஞ்ச நாள் கூடை தூக்காமல் ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாளே ஏரிக்கரைப் பக்கம் கூடையும் கையுமாக எதிரில் வந்தார். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை நிறுத்தி, வலி எப்படி இருக்கிறது என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"வலி கீதுமா. கையும் கீது இல்ல? அது போதும், நீ வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ."

முதல் நோன்பில் வந்த உண்மை

எங்கள் தொழிலில் நோயாளிகள் தினமும் சொல்கிற பொய் ஒன்று உண்டு: "எக்ஸர்சைஸ் பண்ணேன்." உஸ்மான் பாய் வீட்டில் அதைக்கூட அவர் சொல்லமாட்டார். ரப்பர் பந்தை அழுத்தினாரா என்று கேட்டால் மும்தாஜ் ஆன்ட்டிதான் முந்திக்கொண்டு, "காலையிலயும் பண்ணார், சாயங்காலமும் பண்ணார்" என்பார். இவ்வளவு செய்தும் கை ஏன் அசையவில்லை என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நோன்பு அன்று போனேன். வழக்கம்போலக் கேட்டேன். ஆன்ட்டி முந்தானையைத் திருகினார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நோன்பு வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ல முடியாதும்மா. அவர் ஒரு நாள்கூடப் பண்ணலை, பந்து பூனைகிட்ட இருக்கு."

சுண்டுவிரல்

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதம் ஓட ஆரம்பித்துவிட்டது, கை அப்படியே கிடக்கிறது. ஏன் பாய் இப்படி என்று கேட்டதற்கு, "நீ குடுத்தப்பவே அழுத்திப் பார்த்தேன், பந்து அழுந்தவே இல்லை. அதைப் பார்க்கப் பயமா இருக்கும்மா" என்றார். அதற்கப்புறம் அவரை எப்படித் திட்டுவது?

தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ் என்று துதித்து, அல்ஹம்துலில்லாஹ் என்று நன்றி சொல்லி தஸ்பீஹ் எண்ணுவோம் இல்லையா, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு? நான் கேட்கிற பயிற்சியும் அச்சு அசல் அதுதான். பாய் அதை இடது கையில் எண்ணிக்கொண்டிருந்தார். இனிமேல் வலது கையில்தான், எட்டாவிட்டால் இடது கையால் பிடித்துத் தொட வையுங்கள் என்றேன். பந்தைக் கண்டு பயந்தவர் இதற்குப் பயப்படவில்லை. ஐந்து வேளையும் செய்தார். ஆள்காட்டி விரல் வந்தது, நடுவிரல் வந்தது, மோதிர விரலும் வந்தது. ஒரு வாரம் போல அங்கேயே நின்றது. எதுவரை வந்திருக்கிறது பாய் என்றேன்.

"சுப்ஹானல்லாஹ் ஓடிடுதும்மா. அல்ஹம்துலில்லாஹ் சொல்றப்பதான் சுண்டுவிரல் எட்டாம மாட்டிக்குது, நன்றி சொல்றது எப்பவுமே எனக்குக் கொஞ்சம் லேட்டுதான்."

பாங்குக்கு முன்னால்

நோன்பு மாதத்தின் கடைசி வாரம், நோன்பு திறந்துவிட்டுப் போ என்று ஆன்ட்டி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். விரிப்பில் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம். மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லச் சில நிமிடங்கள் இருக்க, எல்லோரும் கையேந்தினோம். நான் துஆ கேட்காமல் ஓரக்கண்ணால் பாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை உடனே எழுந்தது. வலது கை நடுங்கி, மடியை விட்டுக் கிளம்பி, பாதியில் நின்று, பிறகு வந்து இடது கையின் பக்கத்தில் சேர்ந்தது.

பாங்கு சொன்னார்கள். பாய் பேரீச்சம்பழத்தை எடுத்தார், அது நழுவிக் கஞ்சிக்குள் விழுந்தது. பெரிய மகன் கை நீட்ட, ஆன்ட்டி அவன் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது பழம் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வடையை எங்கள் தட்டுகளில் அள்ளிப் போட்டார். வடையைப் பிட்டுக்கொண்டே, அவ்வளவு நேரம் கையேந்தி அப்படி என்ன பாய் கேட்டீங்க என்றேன்.

"ஒண்ணும் கேக்கலைம்மா. திருப்பிக் கொடுத்தானே, அந்தக் கையை அவனுக்குக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

நோன்பும் பெருநாளும் முடிந்த மறுநாள் எக்ஸர்சைஸ் ஆச்சா என்று கேட்டேன், "காலையிலயும் பண்ணார், சாயங்காலமும் பண்ணார்" என்றார் மும்தாஜ் ஆன்ட்டி, அப்போது மணி காலை பத்து.