இடிக்க வந்தவர்

எங்கள் ஊர்ப் பனிக்கட்டிச் சிற்ப விழாவில் தோகுஜி இல்லாமல் ஒரு வருடமும் போனதில்லை. ஆனால் போன வருடம் வரை அவர் விழாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் காலை, மண் அள்ளும் இயந்திரத்தோடு வருவார். சிலைகள் உருகிச் சரிந்து யார் தலையிலும் விழக்கூடாதே என்று எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருப்பார். இருபத்தாறு வருடமாக இதே கதைதான்.

மகள் சிகுசா ஓட்டல் சமையற்காரி. விருந்து மேசையில் வைக்கப் பனிக்கட்டியில் அன்னமும் மீனும் செதுக்குவது எங்கள் ஹொக்கைடோத் தீவில் சமையற்கட்டு வேலைதான். அதில் அவளுக்குப் பைத்தியம். மூன்று வருடத்துக்கு முன், தான் செதுக்கியதை விழாவுக்கு வந்து பார்க்கும்படி அப்பாவை அழைத்தாள்.

"ஒரே இடியில போற சாமானுக்கு நான் வேற வந்து கைதட்டணுமா?" என்றார் மனிதர். நாக்கில் சனி. அன்று மூட்டை கட்டியவள் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இந்த வருடம், விழாவின் கடைசி நாள், மனைவி ஃபுமியே அவரை விழாவுக்குக் கிளப்பாமல் விடவில்லை.

"என்னங்க, தரையெல்லாம் வழுக்குது. கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. நான் விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நீங்கதான் சோறாக்கணும்."

சோறாக்கப் பயந்து கூடவே கிளம்பினார். ஒரு சிலையின் முன் நீண்ட வரிசை. இருவரும் நின்றார்கள். முறை வந்ததும் தோகுஜி நிமிர்ந்து பார்த்தார்.

பனிக்கட்டியில் ஒரு மண் அள்ளும் இயந்திரம். அதற்குள் வாயைப் பிளந்து தூங்கும் ஒரு கிழவர். சட்டை மேலேறி, குளிருக்கு வயிற்றில் சுற்றிய கம்பளிப்பட்டை தெரிகிறது. அவரேதான். கோணல் மூக்குகூட அப்படியே. கீழே பலகையில் சிகுசாவின் பெயர்.

"அய்யய்யோ, ஊரே என் வயித்தைப் பார்க்குதே!"

"பார்க்கட்டும். அந்தக் கழுத்துச் சுருக்கத்தைப் பாருங்க. உங்களை எவ்வளவு நேரம் பார்த்திருந்தா இது கைக்கு வரும்!"

தோகுஜி வரிசையின் கடைசிக்கே போய் மறுபடி நின்றார். மொத்தம் மூன்று தடவை. இத்தனை வருடமாக இந்த மாதிரியானதையா நொறுக்கித் தள்ளினோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் காலை ஐந்து சிலைகளை எப்படியோ முடித்துவிட்டார். ஆறாவதாக இருந்த சிகுசாவின் சிலை முன் இயந்திரம் நின்றது. வேடிக்கை பார்த்தவர்களை விலக்கிக்கொண்டு சிகுசா வந்து கதவைத் தட்டினாள்.

"ஏன் நின்னுட்டீங்க? இடிங்கப்பா."

"என்னால முடியாது."

"இடிக்கத்தானே செஞ்சேன். விழாவுக்கு நீங்க வரமாட்டீங்க, இடிக்கிற அன்னைக்குக் கட்டாயம் வருவீங்க. நான் செஞ்சதை ஒரே ஒரு தடவை நீங்க நேருக்கு நேர் பார்க்கணும். அவ்வளவுதான்."

"நேத்தே வந்தேன்மா. மூணு தடவை வரிசையில நின்னேன்."

சிகுசா திகைத்துப்போனாள். இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. இயந்திரத்தின் படியிலேயே உட்கார்ந்து, கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். தோகுஜி இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.