வெள்ளிக்கிழமை நாலு மணி

தென்னூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அந்த பாயின் பெயரை நான் கேட்டதே இல்லை. நரைத்த தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கடைக்கு ஒரே போன் லைன். நெட் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் அவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும்; இங்கே நமக்கு எதுவும் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நெட்டைத் துண்டித்துவிடுவார். ஐந்து மணிவரை சவுதியிலிருந்து மகன் கூப்பிடும் நேரம்.

நான் அங்கிருந்துதான் வேலைக்கு மெயில் அனுப்புவேன். ஒரு கம்பெனியும் பதில் போடாததற்கு அந்த மகனைத்தான் காரணமாக வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டு மாதமாக மணி அடிக்கவில்லை. பாய் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பார், வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நாலரை ஆகியும் நெட் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பாய், கட் பண்ண மறந்துட்டீங்களா? எனக்கு வேலை கிடைச்சிரப் போகுது!"

"மறக்கலை தம்பி. லைன் சும்மா இருந்தா, அவன் கூப்பிடலைன்னு தெரிஞ்சுபோயிடுது. நெட் ஓடுனா, அடிச்சிருப்பான், லைன் கிடைச்சிருக்காதுன்னு இருந்துக்கலாம்ல? நீங்க பாட்டுக்குப் பாருங்க."

மெயில் அனுப்பி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் ஐந்து மணிவரை கனெக்‌ஷன் அறுந்துவிடாதபடி எதையோ தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.