தள்ளுகிறவர்களை முதலில் எடு

ஒக்லாந்தில் திங்கட்கிழமைக் காலைத் தேநீர் வேளையில், ஊரில் சம்பந்தம் பேசுகிறவர்களின் முகத்தோடு ஆண்கள் றக்பி பேசுகிறார்கள். எவனை எடுப்பது, எவனை விடுவது என்பதே பேச்சு. எல்லர்ஸ்லியில் நான் வேலை செய்யும் சரக்குக் கம்பனிக் கந்தோரில் அதைக் கேட்டுத்தான் இந்த நாட்டின் நியாயத்தைப் படித்தேன். படித்ததை நம்பியதுதான் பிழை.

போன கோடையில் கம்பனிப் பிக்னிக்கில் றக்பி ஆட இரண்டு தலைவர்கள் மாறிமாறிப் பெயர் சொல்லி ஆள் பிரித்தார்கள். எங்கள் மனேஜர் பிரையன் ஓட்டக்காரர்களையே அழைத்தார். கம்பனியின் மங்கரே களஞ்சியத்துக்காரர்களின் தலைவரோ முதல் பெயராகவே சியோனியை அழைத்தார். மூட்டை தூக்குகிற, மலைபோன்ற தொங்கா நாட்டு மனிதர். பிரையன் சிரித்தார். றக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரு பக்கத்துப் பாரமான ஆட்களும் குனிந்து, தோளால் முட்டித் தள்ளுவார்கள்; தள்ளி வென்ற பக்கத்துக்கே பந்து. முன்வரிசையில் முட்டுக்கொடுப்பவன்தான் ப்ராப்; அன்று அது சியோனி. சியோனி தள்ளிய தள்ளில், பிரையனின் ஓட்டக்காரர்களுக்கு ஓடுவதற்குப் பந்தே கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை தேநீர் அறையில் பெரிய வாக்குவாதம். கடைசியில் பிரையனே தீர்ப்புச் சொன்னார்: “தள்ளுகிறவனை முதலில் எடு. ஓடுகிறவன் எங்கும் கிடைப்பான்.” கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு முதுகு நிமிர்ந்தது. அப்போது மேற்பார்வையாளர் இடம் காலியாக இருந்தது. பிழையாக வரும் கணக்குகளையெல்லாம் நேராக்குகிறவள் நான். வந்து ஆறு மாதமாகாத கிரெய்க்குக்கு வேலை பழக்கியவளும் நான். பேசாமல் காத்திருந்தேன்.

ஊரில் அப்படித்தான். என்னைப் பெற்ற ஐயா சுன்னாகம் சந்தையில் மூட்டை சுமந்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கர் விலகியபோது தலைவரே ஆள் விட்டு அழைத்து, “பிள்ளை, இனி நீர்தான்” என்றார். கேளாமல் வந்ததுதான் மரியாதை என்று ஐயா சந்தை முழுவதும் சொல்லித் திரிந்தார்.

இங்கே அந்த மேற்பார்வையாளர் கதிரை கிரெய்க்குக்குப் போனது. பிரையனிடம் போய் நின்றேன். அவர் உண்மையாகவே திகைத்தார். “நீ விரும்புவதாகச் சொல்லவேயில்லையே? கிரெய்க் கேட்டான்.”

“என் வேலையைப் பார்த்தீர்கள்தானே?”

“அதனால்தான் உன்னை அங்கிருந்து அசைக்க மனமில்லை” என்றார், பாராட்டுகிறவர்போல.

மாலை பஸ்ஸில், களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிற மன்னார் றீற்றா அக்காவிடம் கொட்டினேன்.

“வாய் திறந்து கேட்டனியோ?”

“நான் ஏனக்கா கேக்கவேணும்? அவையளுக்குக் கண் இல்லையோ?”

“குனிஞ்சு தள்ளுறவளின்ர முகத்தை ஆரடி பாக்கிறது?”

“தானாக் கேக்க வெக்கமா இராதோ?”

“வெக்கம் உனக்கு. கதிரை அவனுக்கு.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தள்ளுகிறவர்களை முதலில் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், ஓம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்தபின் ஆயுளுக்கும் குனிந்தே நில் என்பதற்குப் பெயர் மதிப்பல்ல.

பிக்னிக்கில் சியோனியிடம், அவருடைய பக்கம் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்ததைப் பார்த்தாரா என்று கேட்டிருந்தேன். “புல்லைத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டால் எவனோ வென்றான் என்று தெரியும்” என்றார். இப்போது, கந்தோரில் என் மேசையில், எனக்கும் சத்தம் கேட்கிறது. சுன்னாகத்தில் ஐயா, “என்ர பிள்ளைதான் அங்க கந்தோர் நடத்துது” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் கிரெய்க்குக்குக் கைதட்டுகிறார்கள். நடுவில் நான், தலை குனிந்தபடி, புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.