மடித்துக் கொடுத்த யூனிபார்ம்

மகளின் அரசுப் பள்ளியில் புதுக் கணினிப் பெட்டியைப் பிரித்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் வாடை என்னை நான் படித்த ஸ்ரீவைகுண்டத்துக்கே கொண்டுபோய்விட்டது.

அரசும் ஒரு கம்பெனியும் சேர்ந்து எங்கள் பள்ளியை மாதிரிப் பள்ளி ஆக்கிய வருஷம். திறப்பு விழாவில் நான்தான் கணினியில் பெயர் அடிக்கணும் என்றார் டீச்சர். ஒரு மாதம் தரையில் சாக்பீஸால் கீபோர்டு வரைந்து விரல் பழக்கினேன்.

விழாவன்று கம்பெனிக்காரர் தன் மகளோடு வந்தார்.

"ஏட்டி, ஒன் யூனிபார்மைக் கழட்டி அந்தப் பிள்ளைட்ட குடு. அவளுக்கு இங்கிலீசு வரும்லா" என்றார் டீச்சர்.

அவளுடைய கவுனைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கைதட்டினேன். மறுநாள் பேப்பர் படத்தில், தோளில் அம்மா போட்ட ஒட்டுத் தையல் தெளிவாகத் தெரிந்தது. முகம்தான் என்னுடையதில்லை.

"நாளைக்கு விழா. பிள்ளை யூனிபார்மைத் துவைச்சு அனுப்புங்கம்மா" என்றார் மகளின் டீச்சர்.

"போட்டு அனுப்பவா டீச்சர், மடிச்சு அனுப்பவா?" என்று கேட்டேன்.