தெற்குக் கரைக்கு அனுப்பினேன்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர் ஜெயம். கோடை இரவில் ஒளிரும் மேகங்களை நான் எடுத்த படத்தை, போன வருடம் நூலகக் கண்காட்சியில் தன் பெயரில் வைத்துப் பாராட்டு வாங்கினார். நான் வாயே திறக்கவில்லை. ஒரு வருடம் காத்திருந்தேன்.

இந்த ஜூனில் ஓரிரவு அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, இண்டைக்கு மேகம் தெரியுமாம். எங்கை நிண்டால் பாக்கலாம்?"

அந்த மேகங்கள் வடக்கு அடிவானத்தில்தான் தெரியும். "தெற்குக் கரைக்குப் போங்கோ" என்றேன். அங்கே கடல் தெற்குப் பக்கம்; வடக்கை அடர்ந்த காடு மறைத்துவிடும். அவர் ஏமாந்து நிற்பதை நினைத்துச் சிரித்தபடி, நீலவெள்ளி அலைகளாய் விரிந்த வானத்தை ஆசை தீரப் படமெடுத்தேன்.

மறுநாள், படத்தைக் காட்டி அவர் வயிற்றெரிச்சலைப் பார்க்கவே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி.

"நானும் இவரோடை விடியுமட்டும் நிண்டனான், அண்ணை. அடுத்த கோடைக்கு எனக்குக் கண் தெரியாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுதான் ஒருக்காப் பாப்பமெண்டு போனது."

என் கைபேசியை வாங்கி, மூக்கில் முட்டும் அளவுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நல்ல வடிவு. நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

கைபேசியை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

ஜெயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியமும் இன்னும் வரவில்லை.