சுடுதண்ணீர் வேண்டாத பத்து நாள்

வெயிலில் தண்ணீர் காய்ச்சும் கருவியை எங்கள் மகளிர் கல்லூரி விடுதிக்கு வாங்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். இயற்பியல் கற்பிக்கிறவள் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. இப்படி மாடியில் ஏற்றிய சாதனங்கள் ஓராண்டில் காக்கை உட்காரும் இடமாகிவிடுவதைத் திருச்சியில் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் மொரீஷியஸில் தமிழாசிரியையாக இருக்கும் என் வகுப்புத் தோழி கமலா எழுதினாள்: "இங்கே சாதாரண வீடுகளிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் தங்க ஏற்பாடு செய்கிறேன். வந்து பார்த்துவிட்டு அப்புறம் குறை சொல்." தைப்பூசத்தை ஒட்டிப் பன்னிரண்டு நாள் விடுப்பில் கிளம்பினேன். செலவு என்னுடையது.

பம்பாயிலிருந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை 9.40க்கு இறங்கினேன். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். விமான நிலைய வாசலில், நான் தங்கவேண்டிய ஊரான ரிவியேர் தே ஸாங்கீய்க்கு டாக்சிக்காரர் நானூறு ரூபாய் கேட்டார்.

"எந்த ஓட்டல், மாதாம்?"

"ஓட்டல் இல்லை. ஒரு வீடு."

"அப்படியா? அப்போ முந்நூறு."

அதற்கும் ஒப்பவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பிளேன் மாக்னியனில் அறுபது ரூபாய்க்கு இறக்கிவிடச் சொன்னேன். அங்கிருந்து பேருந்து, பன்னிரண்டு ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். (எல்லாம் அந்த ஊர் ரூபாய்.) இருபுறமும் கரும்பு. முச்சந்திக்கு முச்சந்தி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் ஆள் தேவைப் பலகைகள்.

நான் தங்கிய வீட்டில் மூன்று பேர். வீராசாமி சர்க்கரை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் ராஜா பேருந்து மெக்கானிக். மருமகள் தேவி ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டுகிறவள். மாடியிலிருந்த கருவி தேவியின் பிடிவாதத்தால் வந்தது. விடியற்காலை வேலைக்குப் போகுமுன் மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் காய்ச்சும்போது ஒருமுறை பானை சரிந்து அவள் முழங்கை வெந்திருக்கிறது. தழும்பைக் காட்டினாள். அவள் என்னிடம் பேசியது ஆங்கிலமும் அந்தத் தீவின் பிரெஞ்சு கலந்த கிரியோலும். அதை என் தமிழில் தருகிறேன். மாமனாரின் தமிழ் அவருடையதேதான்.

போன அன்று மாலை கோயிலில் கொடியேறியது. ராஜா காவடி எடுப்பதால் வீடு முழுவதும் விரதம். மறுநாள் காலை வெந்நீர்க் குழாயைத் திறக்கப் போன என்னைப் பெரியவர் தடுத்தார்.

"மிஸ், சுடுதண்ணி வேணாம். பத்து நாள் பச்சத் தண்ணி. முருகன் பாக்கும்."

ஆக, வெந்நீர்க் கருவியை ஆராய வந்த எனக்கு வெந்நீர் கிடையாது. உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். என் கட்சிக்கு இது தோதாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குப் பெரியவரோடு ஏணியேறினேன். சாய்த்து வைத்த கண்ணாடிப் பெட்டி. அதன் தலைமாட்டில் இருநூறு லிட்டர் உருளைத் தொட்டி. வெப்பமானி அறுபத்தொன்று காட்டியது. சூடேறி விரியும் தண்ணீரும் ஆவியும் வெளியேறத் தொட்டியிலிருந்து மேலே ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. குறை தேடி வந்தவள் அல்லவா? "இவ்வளவு சூடான தண்ணீர் வீணாகப் போகிறதே" என்று சொல்லி, குறிப்பேட்டில் "கசிவு" என்று எழுதினேன். பெரியவர் தலையாட்டினார்.

அடுத்து நான்கு நாள் விடாத மழை. கமலாவுடன் போர்ட் லூயி போய் வந்தேன். திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றோம். சொல்ல வேறொன்றுமில்லை.

ஏழாம் நாள் வெயில் கண்ணைக் கூச வைத்தது. பிற்பகல் 2.10க்குத் தேவி காலை ஷிப்ட் முடிந்து வந்தாள். பின்சுவரை ஒட்டிய துவைகல்லில் காவடிக்கான பித்தளைச் செம்புகளை அடுக்கினாள்.

"தாந்தின், எல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. குளிக்கத்தானே கூடாது? செம்புக்கு விரதம் இல்லையே?" என்று என்னிடம் கேட்டபடி வெந்நீர்க் குழாயின் மேல் கை வைத்தாள். அந்தத் தீவில் அத்தை முறைக்குத் தாந்தின் என்பார்கள்.

அப்போது தலைக்கு மேலே டொங்கென்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று. தகரம் உப்பும் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்.

"தொடாதே!" என்று கத்தினேன். நான் கத்துகிறவள் அல்ல. தேவி கையை இழுத்துக்கொண்டாள்.

ஏணியில் பாதி ஏறியதுமே தெரிந்துவிட்டது. அந்த மெல்லிய குழாயின் வாயில் கொய்யாக் கிளையைச் சீவிச் செய்த ஆப்பு. சுற்றிலும் துணி, அதன் மேல் கம்பிக் கட்டு. வேலை சுத்தமாக இருந்தது.

"யார் அடைத்தது?"

பெரியவர் ஏணியடியில் நின்றிருந்தார். "நான், மிஸ். நீங்க சொன்னீங்க தண்ணி வீண். நான் பூஸே." பூஸே என்றால் அடைத்துவிட்டேன். நல்ல பெயர் எதிர்பார்க்கும் முகத்தோடு சொன்னார்.

கீழ்க்குழாயில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி ஒருவழி வால்வு. மேலே ஆப்பு. ஏழு நாளாக ஒரு செம்பு தண்ணீர்கூட யாரும் எடுக்கவில்லை. ஆவி போக வழியில்லாமல் தொட்டி பிளக்கும், குழாயைத் திறந்தால் கையில் பீறிடும் என்று இரண்டாம் ஆண்டு மாணவிகூடச் சொல்லிவிடுவாள்.

ஆப்பைப் பிடுங்க ஏறப் போனவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "கிட்டே போகாதீர்கள். ஏணியில் நின்றபடியே வெயில் படாமல் கண்ணாடியை மூட வேண்டும். துணி, பெரிய துணி!" கொடியில் காய்ந்தவை காவடிக்கான ரோஜா நிறத் துணிகள் மட்டுமே. தேவி தயங்கினாள். பெரியவர்தான் போய் வாரி எடுத்து, "முருகா, மன்னிக்கணும்" என்று முனகிக்கொண்டே என்னிடம் நீட்டினார். எட்டி வீசினேன். மூவரும் தெருவுக்கு ஓடினோம்.

இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர், "என்ன, வீட்டுக்குள்ளே பாம்பா?" என்று கேட்டார். நானே என்னைக் கொஞ்சம் சந்தேகிக்கத் தொடங்கியபோது தொட்டியின் பற்றவைத்த இணைப்பு பிளந்தது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வெள்ளை ஆவி எழுந்தது. கொதிநீர் பின்சுவர் வழியாகத் துவைகல்லின் மேல், செம்புகளின் மேல், தேவி நின்றிருந்த இடத்தில் கொட்டியது. அங்கிருந்த கறிவேப்பிலைச் செடி நின்ற நிலையில் வெந்துபோயிற்று.

யாருக்கும் காயமில்லை. ஆனாலும் என் ஒரு வாக்கியம்தான் அந்த ஆப்பு. இந்தியாவிலிருந்து வந்த டீச்சர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது.

ராஜா வந்து பார்த்துவிட்டு, "பூசத்துக்குப் பட்டாசு வெடிக்கிற வழக்கம் நமக்கு இல்லையே" என்றான். பெரியவர் மெதுவாக, "இது நமக்கு வேணாம், தேவி. வித்துடலாம்" என்றார்.

தேவி திரும்பினாள்.

"விக்கவா? மாட்டுறவன் என்கிட்டதான் சொன்னான், அந்தக் குழாயை அடைக்காதேன்னு. வேலைக்குப் போகாத நாளில் பெட்டிக்கு மேல பாய் போட்டு மூடுன்னும் சொன்னான். தாளில் எழுதியும் கொடுத்தான். மாமா, நீங்க கேட்டீங்களா? தாந்தின் சொல்றாங்க, நீங்க அடைக்கிறீங்க. தாந்தின், ஒரு வாரமா இந்த வீட்டுல சாப்பிடுறீங்க. தொட்டியோட சூட்டை அளந்தீங்க, குழாயோட நீளத்தை அளந்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு பக்கத்தில் அவள் பெயர் இரண்டே இடத்தில், இரண்டும் முகவரிக்காக. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தைப்பூசக் காலத்தில் விமானச் சீட்டு மூன்று மாதம் முன்பே தீர்ந்துவிடுகிறது. ஜனவரியில் மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரு குடை. பேருந்துக்குச் சில்லறை. விரத வீட்டில் தங்கினால் காலையில் பச்சைத் தண்ணீர்தான்; இரண்டாம் நாள் பழகிவிடும். இந்தக் கருவியை ஏதாவது விடுதிக்கோ வீட்டுக்கோ வாங்குகிறவர்கள் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று கணக்குப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தெந்த நாளில் யாரும் குளிக்க மாட்டார்கள் என்றும், தினமும் குழாயைத் திறக்கிறவர் யார் என்றும் கேளுங்கள். கருவியில் குறையில்லை, அடைத்ததில்தான் குறை என்பதால் எங்கள் விடுதிக்கு வாங்கலாம் என்றே எழுதிக் கொடுத்தேன். ஆப்பு பற்றிய பகுதியைக் குழுத் தலைவர் நீக்கிவிட்டார். அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் தேவியின் கடிதம் வந்தது. தொட்டியைப் பற்றவைத்து மீண்டும் ஏற்றியாயிற்றாம். இப்போது விடிந்ததும் முதலில் வெந்நீரில் குளிப்பவர் மாமனார்தானாம். அரை மணி நேரம் குளிக்கிறாராம். வேலைக்குக் கிளம்புகிற அவளுக்கு மிஞ்சுவது வெதுவெதுப்பு மட்டும். அதையும் என் அறிக்கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள்.