மார்லிஸின் மூன்றாவது ஜூன்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற டேல் மாக்கிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆம்புலன்ஸ் ஒரு வீட்டு வாசலில் நின்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு தரம் கத்துவான். "ஒண்ணு!" "ரெண்டு!" நோயாளி முனகினாலும் சரி, வீட்டார் முறைத்தாலும் சரி, அவனுக்குக் கவலையில்லை. பத்து நிமிடத்துக்குள் ஆளை வண்டியில் ஏற்றியாக வேண்டும். மிச்சிகனின் இந்த வடக்கு முனையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஓட வேண்டும். வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் யோசனை மட்டும்தான் மிஞ்சும்.

அந்தப் பத்து நிமிடத்தில் முடிவெடுக்கிறவள் மார்லிஸ் ஹெய்க்கினன். வயது நாற்பத்தொன்று. பதினான்கு வருடமாக அந்த வண்டியில் முதலுதவி பார்க்கிறாள். எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரி, எப்போது கிளம்புவது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். இழுத்தடிக்கிற பேச்சே கிடையாது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இம்பி லாஹ்தியின் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் நடந்தது. இம்பிக்கு எண்பத்துநான்கு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஊரில் பாதிப் பேர் அவள் பஸ்ஸில் ஏறி வளர்ந்தவர்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"ஏய் மூணாவது சீட்டு, உன்னை யாரு கூப்பிட்டா? பஸ்ஸுக்கு ஒருநாளாவது இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பியா நீ? எனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து தின்ன கறி பேஸ்ட்டி செரிக்கல, அவ்வளவுதான்."

சொல்லும்போதே தாடையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. மார்லிஸ் ஈசிஜி எடுத்தாள். காகிதத்தை ஒரே ஒரு தரம் பார்த்தாள்.

"மிஸஸ் லாஹ்தி, இது பேஸ்ட்டி இல்ல, மாரடைப்பு. இப்பவே கிளம்பணும்."

"எங்க, நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கா? அங்க இருக்கிற டாக்டர் யாருன்னே எனக்குத் தெரியாது. மூணு மாசத்துக்கு ஒருத்தன் வரான். என் பேரைக் கத்துக்கிறதுக்குள்ள பொட்டியைக் கட்டிடறான்."

"அங்க இல்ல. நேரா பெரிய ஆஸ்பத்திரி."

"ஆறு!" என்றான் டேல்.

"இவன் எதுக்கு ஏலம் போடற மாதிரி கத்தறான்?" என்று கேட்டாள் இம்பி.

எட்டாவது நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. வழியில் இம்பி மார்லிஸின் விரலைப் பிடித்துக்கொண்டாள். பயந்தவள் பிடிக்கிற பிடிதான், ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"நீ டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு ஊரே சொல்லிச்சே. என்ன ஆச்சு?"

"பாத்துக்கிட்டிருக்கேன், மிஸஸ் லாஹ்தி."

"ரெண்டு வருஷமாவா?"

மார்லிஸ் மானிட்டரைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் இம்பியின் அடைப்பை எடுத்துவிட்டார்கள். கிழவி பிழைத்தாள். அவள் கேட்ட கேள்விதான் மார்லிஸை விடவில்லை.

அடுத்தவர் உயிர் என்றால் எட்டு நிமிடத்தில் முடிவெடுப்பவள், தன் விஷயத்தில் எத்தனை நாள் எடுத்துக்கொண்டாள் தெரியுமா? வேலை முடிந்து நாற்பது மைல் ஓட்டிப்போய், ஆறு வருடம் வேதியியலும் இயற்பியலும் படித்தாள். பனிக்காலத்தில் பாதையை மூடுகிற பனியை அள்ளக் காரிலேயே மண்வாரி வைத்துக்கொண்டு போனாள். முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது, இவள்தான் ஆசிரியை என்று நினைத்துப் பையன்கள் பேச்சை நிறுத்தினார்களாம். அப்படிப் படித்து நுழைவுத் தேர்வும் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதற்கு ஜூன் மாதம்தான் வேளை. கடைசித் தேதி இலையுதிர்காலத்தில் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பினால் போச்சு. வருகிற வரிசையில் பார்த்து, வருகிற வரிசையில் இடத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள். ஆகஸ்டில் போடுகிறவன் பந்தி முடிந்தபிறகு இலை கேட்கிறவன்தான். மதிப்பெண்ணுக்கும் ஆயுள் உண்டு. மார்லிஸின் மதிப்பெண்ணுக்கு மூன்று ஜூன் மாதங்கள்.

முதல் ஜூனைக் குறை சொல்ல முடியாது. அந்த மார்ச்சில் அவள் புருஷன் ரெய்னோ கூரைமேல் பனி தள்ளப் போய் வழுக்கி விழுந்து காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டான். மரவாடியில் அவனுக்கு வேலை போகாமல் இருந்ததே பெரிசு. இரண்டாவது ஜூனில் பேராசிரியை கார்லா ட்ரெவாரோவின் பரிந்துரைக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அது ஆகஸ்ட் பாதியில் வந்தது. "இப்ப போட்டா கடைசியில நிக்கணும். அடுத்த வருஷம் முதல் ஆளாப் போடறேன்" என்று சொல்லிவிட்டாள். இது மூன்றாவது ஜூன். விண்ணப்பம் மே மாதமே தயார். புதுத் தேதி போட்ட கடிதம் மட்டும் பாக்கி. ட்ரெவாரோவோ கைக்குழந்தையோடு காட்டுக்குள் இருக்கிற தன் கேம்ப் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே போனும் எடுக்காது, ஒன்றும் எடுக்காது.

இந்த ஜூனும் போனால் முதலிலிருந்து தேர்வெழுத வேண்டும். எழுதுவாளா? எழுத மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

ஜூன் முதல் வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. மகள் கிர்சிக்குப் பதினேழு வயது. அவளும் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறவள்.

"அம்மா, ரெண்டு பேரும் ஒரே வருஷம் காலேஜ் போனா யாரு யாரைக் கொண்டுபோய் விடறது? வாசல்ல நின்னு யாரு அழறது?"

"அப்பா அழுவார்."

"நான் ஏன் அழறேன்?" என்றான் ரெய்னோ. "நானும் நாயும் சௌனா ஆவி ரூம்ல சூடா உக்காந்திருப்போம். கேக்க ஆளே இருக்காது."

மார்லிஸ் சிரிக்கவில்லை. "விளையாடாதே ரெய்னோ. மீதிப் படிப்பை இந்தப் பக்கமே முடிச்சாலும், முதல் ரெண்டு வருஷம் நான் ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும். எட்டு மணி நேரத் தூரம். உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

ரெய்னோ பேசக் கூலி கேட்கிற ஆள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"கஷ்டமாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ போகாம இங்க உக்காந்து, டாக்டருங்க வந்து வந்து போறதைப் பாத்துப் பொருமிக்கிட்டிருப்பியே, அதைப் பாக்கிறது இன்னும் கஷ்டம். விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியதுதானே?"

"லெட்டர் வரலையே."

"லெட்டர், லெட்டர்! போய் வாங்கிட்டு வாயேன்" என்றாள் கிர்சி.

மறுநாள் காலையில் டேல் தன் பழைய லாரியைக் கொண்டுவந்தான். அந்தக் கேம்ப் பாதையில் கார் போகாது. மழையில் ஊறிய மண் பாதை, பள்ளத்துக்குப் பள்ளம், ஜன்னலைத் திறந்தால் கடிக்கிற கருப்பு ஈ. மார்லிஸ் மடிக்கணினியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தாள். பேராசிரியை ஒரு சொல் திருத்தச் சொன்னாலும் அங்கேயே திருத்திவிடலாமே என்று எண்ணம்.

கார்லா ட்ரெவாரோவுக்கு முப்பத்துநான்கு வயது, மார்லிஸைவிட ஏழு வயது சின்னவள். தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டு கதவைத் திறந்தவள், ஊர் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்து வெளுத்துப் போனாள்.

"ஐயோ! யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல ப்ரொபசர்" என்று பதறினாள் மார்லிஸ். "லெட்டர் விஷயமா வந்தேன். தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"பயமுறுத்திட்டீங்களே! லெட்டரை அப்பவே எழுதி வெச்சுட்டேன். புதன்கிழமை ஊருக்குள்ள வரப்ப அனுப்பிடறேன். உங்க விண்ணப்பத்தைச் சரிபார்த்து முடிச்சுட்டாங்களா?"

"நான் இன்னும் அனுப்பவே இல்லையே. லெட்டர் வந்தப்புறம் அனுப்பலாம்னு…"

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "லெட்டருக்காகவா? மார்லிஸ், லெட்டர் பின்னாடி வந்தா போதும்! நீங்க அனுப்பினப்புறம் அவங்க மார்க்கெல்லாம் சரிபார்க்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள என் லெட்டர் தானாப் போய்ச் சேர்ந்துடும். அப்ப போன வருஷமும் இதுக்குத்தான் நின்னீங்களா?"

மார்லிஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"மாணவர் ஆலோசனை அறையில கேட்டிருக்கலாமே. பத்தொன்பது வயசுப் பசங்க எல்லாருக்கும் தெரியுமே இது."

கேட்டிருக்கலாம்தான். போன வருடம் கேட்கப் போகவும் போனாள். அங்கே பெஞ்சில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் கிர்சியின் வயது. மேசைக்குப் பின்னால் இருந்தவள் தலையை நிமிர்த்தி, "பிள்ளைக்காக வந்தீங்களாம்மா?" என்று கேட்டாள். மார்லிஸ் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. அடிப் பாவி! ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாதவள் ஒரு பெஞ்சைப் பார்த்துப் பயந்தாளே.

திரும்பும்போது இரண்டு மைல் தாண்டியதும் டேல் வாயைத் திறந்தான்.

"அப்ப உன்னை நிறுத்தி வெச்சது லெட்டர் இல்ல."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

மேட்டில் ஏறியதும் மரங்கள் விலகி ஏரி தெரிந்தது. மார்லிஸின் போன் சிணுங்கியது. அந்தப் பாதையிலேயே சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். டேல் லாரியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு!"

"டேய், என்னடா பண்றே?"

"வழக்கமாப் பண்றதைத்தான் பண்றேன். திற."

மார்லிஸ் மடிக்கணினியைத் திறந்து போனோடு இணைத்தாள். விண்ணப்பம் அப்படியே இருந்தது. கட்டுரையை மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"மூணு!"

"இந்த ஒரு வரி சரியில்ல டேல். மாத்திட்டு, நாளைக்கு நிதானமா…"

"இம்பி வீட்டுல ஈசிஜியை ரெண்டாவது தரம் பார்த்தியா நீ?"

"அது வேற."

"என்ன வேற? நாலு!"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்குப் பயமா இருக்குடா. இந்த ஊர்ல நான் ஒரு ஆளு. நான் சொன்னா எல்லாரும் கேக்கறாங்க. அங்க போனா ஒண்ணுமே தெரியாதவளா, கண்ணாடி போட்டுக்கிட்டு, என் பொண்ணு வயசுப் பசங்களோட நிக்கணும். இடம் கிடைக்கலேன்னா ஊரே கேக்கும். கிடைச்சுட்டா அதைவிடப் பயம்."

டேல் கேலி செய்வான் என்று நினைத்தாள். அவன் செய்யவில்லை.

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் உன்னை விட்டுட்டு எந்தத் தடிப்பயலோட வண்டி ஓட்டப் போறோமோன்னு பயமாத்தான் இருக்கு. இம்பிக்கும் பயம்தான், உன் விரலை நசுக்கிட்டாளே. பயப்படறாளேன்னு அவளை வீட்டுலயே விட்டுட்டு வந்தியா?" மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறு!"

மார்லிஸ் மூக்கைச் சிந்தினாள். சரியில்லாத வரியை மாற்றவில்லை. அனுப்பு என்றிருந்த இடத்துக்கு அம்பைக் கொண்டுபோனாள். டேல் "எட்டு!" என்று வாயைத் திறப்பதற்கும் அவள் அமுக்குவதற்கும் சரியாக இருந்தது. வந்து சேர்ந்தது என்று திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். இரண்டு வருடமாக மலையாக நின்றது ஒரு விரல் வேலை.

டேல் முஷ்டியை மடக்கி, ஆம்புலன்ஸ் வயர்லெஸ் மைக் மாதிரி வாயருகே கொண்டுபோனான். "ஆளை ஏத்தியாச்சு. கிளம்பறோம்" என்று அறிவித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். மார்லிஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஊருக்குள் நுழைந்ததும், "இம்பி வீட்டுல நிறுத்து" என்றாள்.

இம்பி சமையலறையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு காபி போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் முகம் சுளித்தாள்.

"என்ன, மறுபடி தூக்கிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல மிஸஸ் லாஹ்தி. விண்ணப்பம் அனுப்பிட்டேன். இப்பத்தான். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்." மார்லிஸுக்கு மூச்சு வாங்கியது. "கிடைக்குமான்னு தெரியாது. கிடைச்சா, படிப்பு, பயிற்சி எல்லாம் முடிஞ்சு நான் டாக்டரா இங்க வர எட்டு வருஷம் ஆகும்."

"வந்தா மூணு மாசத்துல ஓடிட மாட்டியே?"

"எங்க ஓடறது? என் வீடு இங்கதானே இருக்கு."

இம்பி வாக்கரின் கம்பியில் விரல் விட்டு எண்ணினாள். எண்பத்துநான்கோடு எட்டு. எண்ணி முடித்துவிட்டு மார்லிஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொண்ணூத்திரண்டா?"

"ஆமாம்."

"நீ என்னைக்குடி பஸ்ஸுக்கு நேரத்துக்கு வந்தே? தினமும் ஷூவைக் கையில வெச்சுக்கிட்டுப் பனியில ஓடி வருவே. பின்னாடி இருக்கிறதுங்கெல்லாம் கத்தும், போலாம் போலாம்னு. ஒருநாளாவது உன்னை விட்டுட்டுப் போயிருக்கேனா?"

"இல்ல" என்றாள் மார்லிஸ்.

"அப்புறம் என்ன? கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறேன். நீ ஓடி வா."